மனசுக்கு ஒரு சிட்டை

எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், ஒரு நாளும் கணக்கு முடிக்காமல் படுத்ததில்லை. இரவுச் சாப்பாடு ஆனதும் முகப்பில் தடுக்கைப் போட்டு உட்காருவார். சாய்வு மூடி போட்ட கணக்குப் பெட்டி எதிரே இருக்கும். சிட்டையில் பிள்ளையார் சுழி, அதன் கீழே 'சிவமயம்', அதற்கும் கீழே தேதி. பிறகு அன்றைய வரவு, அன்றைய செலவு. கையிருப்பை எண்ணிப் பார்த்து, ஏட்டோடு நேரானால்தான் பெட்டியை மூடுவார்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு நாள் ஐந்து பைசா உதைத்தது. பதினோரு மணி வரை விளக்கை அணைக்கவில்லை. "ஐந்து பைசாதானே ஐயா" என்றேன். "பைசா போனாப் போகுதுடா. எங்க போச்சுன்னு தெரியாமப் படுத்தா எப்படித் தூக்கம் வரும்?" என்றார். கடைசியில் அவருக்கே நினைவு வந்தது. காலையில் காரைக்குடி கொப்புடையம்மன் கோயில் தட்டில் போட்ட காசு அது. எழுதினார், மூடினார், படுத்த உடனே தூங்கிவிட்டார்.

அந்தப் பழக்கம் அவர் பர்மாவில் கற்றது. எங்கள் செட்டிநாட்டுப் பையன்கள் மீசை முளைக்கும் முன்பே கடல் கடந்து, வட்டிக்கடைகளில் எடுபிடி வேலையில் தொடங்கி, அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்று வருடத்துக்கு ஒரு கணக்கு முடித்து ஊர் திரும்பிய காலம் அது. 1929-30-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்குப்படி, அந்த நாட்டில் செட்டியார் கடைகள் ஏறத்தாழ 1,650; அவற்றில் புரண்ட பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய லேவாதேவி, முன்பின் பாராதவர்களுக்கிடையே, ஊர் விட்டு ஊர் நடந்ததென்றால், ஒவ்வொரு கடையிலும் ஒருவர் ராத்திரி உட்கார்ந்து அன்றைய கணக்கை அன்றைக்கே முடித்தார் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஐயா ரங்கூன் மொகல் தெருவில் இருந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அங்கேதான் இருந்தார். மறு வருடம் ஊர் வந்து சேர்ந்தார். எப்படி வந்தீர்கள் என்று யார் கேட்டாலும் "நடந்து வந்தேன்" என்பார். வழியில் எத்தனை பேர் விழுந்தார்கள், எதைப் பார்த்துப் பயந்தார், வீட்டு வாசலை மிதித்தபோது அழுதாரா? ஒன்றும் சொன்னதில்லை. காட்டுவழி நடந்து வந்த அத்தனை நாள் பயணமும் எங்கள் வீட்டில் இரண்டே வார்த்தையாக இருக்கிறது.

பேசாமல் இருப்பதில் அவருக்கு இருந்த உறுதியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவருக்கும் அவர் அண்ணன் பெரியய்யாவுக்கும் 17 வருடம் பேச்சு வார்த்தை கிடையாது. ஒரே வளவு. எதிரெதிர் அறை. ஒரே கிணறு. காரணம் என்னவென்று எங்கள் தலைமுறையில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பிள்ளையார் நோன்பன்று மட்டும் இருவரும் பக்கத்தில் நிற்பார்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21-வது நாள், 21 நூல் சேர்த்த திரியை இழைமாவில் வைத்து ஏற்றி, வீட்டில் மூத்தவர் எடுத்துக் கொடுக்க, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் நோன்பு அது. பெரியய்யா இழை கொடுப்பார். ஐயா இரண்டு கையும் ஏந்தி வாங்கிக்கொள்வார். தம்பி கையில் நெய் சொட்டிவிடாமல் பெரியய்யா தன் இடது கையைக் கீழே அணைகொடுத்துப் பிடிப்பார். அவ்வளவு பிரியம் அங்கே இருந்தது. ஆனால் அது அடுத்த வருடம் வரைக்கும் வாய் திறக்காது. இருவருக்கும் இடையிலான பணக் கணக்கு மட்டும் ஒரு தம்பிடி பாக்கி இல்லாமல் நேராக இருந்தது.

அப்பத்தாவுக்கு வேறு வழி இருந்தது. மத்தியானம் இரண்டாங்கட்டில் பெண்கள் கூடிக் கொட்டான் பின்னும்போது, அன்றைய வருத்தம் அன்றைக்கே வெளியே வந்துவிடும். ஒருத்தி அழுவாள், இன்னொருத்தி தண்ணீர் கொடுப்பாள். ஆண்களுக்கு அப்படி ஓர் இடம் அந்தப் பெரிய வீட்டில் எங்குமே இல்லை.

போன வருடம் வீட்டை ஒழுங்கு செய்யும்போது ஐயாவின் பழைய சிட்டைகளைப் புரட்டினேன். நந்தன வருடம், அதாவது 1952, ஐப்பசி மாதத்தில் ஒரு பக்கம். உப்பு, புளி, வண்டிச் சத்தம் என்று வரிசையாக வந்து, நடுவில் இரண்டு வரி:

கோபத்தில் உடைந்த சிம்னி, 0-5-0.
சின்னவனுக்கு மிட்டாய், 0-1-0.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருட ஏட்டில் 'கோபம்' என்ற சொல் வரும் இடம் இது ஒன்றுதான். சிம்னி என்று மட்டும் எழுதியிருந்தாலும் கணக்கு நேராகியிருக்கும். எப்படி உடைந்தது என்று எழுதாமல் அவரால் பெட்டியை மூட முடியவில்லை. அந்தச் சின்னவன் என் சித்தப்பா. அப்போது அவருக்கு ஏழு வயது, இப்போது எண்பது. பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகு நேரம் பேசாமலிருந்தார். "அடி வாங்கினது ஞாபகம் இருக்குடா. மிட்டாய் ஞாபகமே இல்லை" என்றார்.

ஐயா வருந்தியது ஏட்டுக்குத் தெரிந்திருக்கிறது. மகனுக்குத் தெரியவே இல்லை.

இன்றைக்கு வருகிறேன். எனக்குக் கைபேசியில் ஒரு செயலி இருக்கிறது. ரத்த அழுத்தம் கூடியபோது மகள் போட்டுக் கொடுத்தாள். இரவு ஒன்பது மணிக்கு மணியடித்து, இன்று எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். ஐந்து முகம் காட்டும். ஒன்றைத் தொட வேண்டும். ஐயாவுக்கு வாழ்நாள் முழுக்க யாரும் கேட்காத கேள்வி எனக்குத் தினமும் தவறாமல் வருகிறது. நானும் தவறாமல் நடு முகத்தைத் தொட்டேன். ஆறு மாதம் கழித்து அது ஒரு படம் போட்டுக் காட்டியது. ஏற்ற இறக்கமில்லாத நேர்க்கோடு. அந்த ஆறு மாதமும் நானும் என் மகனும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

பூர்வீக வீட்டுப் பங்கை விற்கலாம் என்று அவன் சொன்னதில் வந்த சண்டை. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில், இடித்த வீடுகளின் தேக்குத் தூணும் கதவு நிலையும் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தவன் நான். வயிறு கலங்கிவிட்டது. சத்தம் போட்டேன். அவன் போனை வைத்துவிட்டான். எங்கள் வீட்டில் இப்படித்தான் ஆரம்பிக்கும், 17 வருடம்.

ஒரு நண்பர் என்னை மனவளக்கலை மன்றத்துக்கு அழைத்துப் போனார். கூடுவாஞ்சேரியில் 1911-ல் நெசவுக் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, சாதாரணக் குடும்பஸ்தர்களுக்காக வகுத்த பயிற்சி. தியானம் பாதி என்றால் மீதி 'தற்சோதனை'. எண்ணத்தை ஆராய்வது, ஆசையைச் சீரமைப்பது, சினம் தவிர்ப்பது, கவலை ஒழிப்பது, நான் யார் என்று கேட்பது என ஐந்து படி. கவலையைக்கூட நான்காகப் பிரிக்கச் சொல்கிறார்: அனுபவித்தே தீர வேண்டியது, தள்ளிப் போட வேண்டியது, அலட்சியம் செய்ய வேண்டியது, உடனே தீர்க்க வேண்டியது. கவலைக்கு வரவு செலவு பார்க்கும் இந்த முறை கணக்குக் குடும்பத்தில் பிறந்த எனக்குச் சட்டென்று பிடிபட்டது. சினத்துக்கு ஒரு பட்டியல் எழுதச் சொன்னார்கள். யார் மேல் கோபம் வருகிறது, எப்போது வந்தது, ஏன் வந்தது? எழுத எழுத ஒன்று தெரிந்தது. பட்டியலில் இருந்தவர்கள் எல்லோரும் என் வீட்டு மனிதர்கள்.

முகத்தைத் தொடுவதற்கும் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனதைப் பாதித்த சம்பவத்தை எழுத வைத்தார்கள். நடந்ததையும் அதனால் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் சுகாதார மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் 'வனவாசம்' எழுதி, தன் தவறுகளைத் தானே ஊரறிய வைத்தார். எனக்கு அந்தத் துணிவு வராது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும் என்று வாங்கினேன்.

முதல் நாள் எழுதியது இதுதான்: "மகனிடம், நீ சம்பாதிச்சதா இந்த வீடு என்று கேட்டேன்." அரை மணி நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் சம்பாதிக்கவில்லையே. அடுத்த வரி எழுதினேன்: "கோபமில்லை. பயம். வீடு போனால் எனக்குப் பிறகு அவன் இந்த ஊருக்கே வரமாட்டான்." ஆறு மாதமாக என்னிடம் இருந்தது பயம் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. ஐந்து முகத்தில் எதுவும் அதை எனக்குச் சொல்லியிருக்காது.

ஏட்டோடு நிறுத்தினால் அது ஐயாவின் மிட்டாய்க் கணக்காகிவிடும். மறுநாள் காலையில் அவனைக் கூப்பிட்டு அந்த இரண்டு வரியையும் அப்படியே வாசித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "சாப்பிட்டீங்களா அப்பச்சி?" என்றான். வீட்டு விஷயம் இன்னும் முடியவில்லை. விற்கக்கூட நேரலாம். ஆனால் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்போது தினமும் இரவு முகப்பில் உட்கார்ந்து மூன்று வரி எழுதுகிறேன். இன்று என்ன உணர்ந்தேன், அது ஏன் வந்தது, யாருக்கு நான் பாக்கி? பத்து நிமிடம் ஆகிறது. சில நாள் எழுத ஒன்றுமிருக்காது. அன்றைக்குத் தேதி மட்டும் போடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் பழைய கணக்கு நோட்டு ஏதாவது கிடக்கும். அதில் மிச்சமிருக்கும் வெற்றுப் பக்கங்களே போதும். இன்று இரவு மூன்று வரி எழுதுங்கள். மூன்றாவது வரியில் யார் பெயர் வருகிறதோ, அவரை நாளைக் காலையில் கூப்பிடுங்கள்.