பாரிஸில் ஒரு கடைவீதி உலா

கே: பாரிஸ் கடைகளில் பேரம் பேசலாமா?

ப: பேசலாம், பதில்தான் வராது. யார் வந்தாலும் ஒரே விலை, அதையும் எழுதி ஒட்டிவை என்று வழக்கப்படுத்திய முன்னோடிகளில் ஒருவர் பாரிஸ் வியாபாரி அரிஸ்டிட் பூசிகோ. 1852-ல் 'லு போன் மார்ஷே' கடையில் பங்குதாரராகச் சேர்ந்தார். பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்கலாம், வாங்காமல் சும்மா சுற்றியும் பார்க்கலாம் என்றார். சும்மா சுற்றவந்தவர்களால்தான் கடை கொழித்தது! எமில் ஜோலா அந்தக் கடையை மாதிரியாக வைத்து ஒரு நாவலே எழுதிவிட்டார். நாக்கு அடங்காவிட்டால் வார இறுதியில் சான்-துவான் பழம்பொருள் சந்தைக்குப் போங்கள். அங்கே பேரம் உண்டு, பிரெஞ்சில்.

கே: கடைக்காரர்கள் முகம் கொடுத்தே பேசுவதில்லையாமே?

ப: உள்ளே போனதும் 'போன்ழூர்' சொன்னீர்களா? அங்கே சின்னக் கடைக்குள் வணக்கம் சொல்லாமல் நுழைவது, அடுத்த வீட்டு அடுப்படிக்குள் கேட்காமல் புகுவது மாதிரி. சொல்லியும் சிரிக்கவில்லையென்றால், அது உங்கள் குற்றமல்ல.

கே: வரியைத் திருப்பித் தருவார்களாம். 20 சதவீதம் லாபம்தானே?

ப: ஆசைதான்! வரி விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 120 யூரோ பொருளில் வரி 20 யூரோ, அதாவது ஆறில் ஒரு பங்கு. அதிலும் நடுவில் நிற்கும் நிறுவனம் தன் கூலியை எடுத்துக்கொள்ளும். கடைசியில் விலையில் 12 சதவீதம் போலத் தேறும். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும், வயது 16 ஆகியிருக்க வேண்டும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்டி 'தெடாக்ஸ்' படிவம் கேளுங்கள். விமான நிலையத்தில் அதை 'பாப்லோ' இயந்திரத்தில் ஸ்கேன் செய்த பிறகே பெட்டியை ஒப்படையுங்கள். சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொன்னால், விமானத்தின் வயிற்றைக் கைகாட்ட முடியாது.

கே: தள்ளுபடி எப்போது?

ப: ஜனவரியிலும், ஜூன் கடைசியிலும். நான்கு நான்கு வாரம். நாளைக் குறிப்பது கடைக்காரர் அல்ல, அரசாங்கம். அடக்க விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்ற சட்டத்துக்கே அப்போது விடுமுறை.

கே: ஈஃபில் கோபுரத்தடியில் பெரிய பிராண்ட் கைப்பை சல்லிசாமே?

ப: போலி. சுங்கத்தில் பிடிபட்டால் பையும் போகும், அபராதமும் உண்டு.

கே: செலவே இல்லாமல் ஷாப்பிங் போக வழி?

ப: 'கேலரி லஃபாயெத்'. 1912-ல் எழுப்பிய வண்ணக் கண்ணாடிக் குவிமாடத்தை அண்ணாந்து பார்க்கலாம். மொட்டைமாடிக்கும் கட்டணமில்லை; ஈஃபில் கோபுரம் தெரியும். மனைவியோடு போனால் லிஃப்டில் இறங்குங்கள். எஸ்கலேட்டர் ஒவ்வொரு தளத்திலும் கொண்டுபோய் நிறுத்தும்.

கே: பாரிஸில் முருங்கைக்காய் கிடைக்குமா?

ப: கிடைக்காமலா? லா ஷப்பேல் மெட்ரோவில் இறங்குங்கள். ஈழத்தமிழர் நடத்தும் மளிகை, புடவை, நகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. புடவை எடுத்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பாரிஸில் வாங்கியது என்றால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.