பேஷண்டோட அட்டெண்டர் யாரு?

ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்ததும் டாக்டருக்கு முன்னால் வெளியே வருவது இந்தக் கேள்விதான். படுத்திருப்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. பாவம், அவருக்கு ஏன் தொந்தரவு? கத்தி படப்போவது அவர் வயிற்றில் என்பதைத் தவிர இந்த விவகாரத்தில் அவருக்கு வேறென்ன சம்பந்தம்?

அட்டெண்டர் என்பவர் மைத்துனராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். பேனா பிடிக்கத் தெரிந்தால் போதும். பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்திட வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். என்ன ஆபரேஷன், என்ன ஆபத்து என்று எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். அதைப் பிறகு நிரப்பிக்கொள்வார்கள். “இதுல என்ன சார் எழுதியிருக்கு?” என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. “சும்மா ஃபார்மாலிட்டிதாங்க, லேட் பண்ணாதீங்க. அப்புறம் பேஷண்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்க பொறுப்பில்ல.” கையெழுத்துப் போட்டாலும் பொறுப்பில்லை என்றுதான் அந்தப் படிவமும் சொல்கிறது. அதை எழுதிய வக்கீலுக்கு உடம்பு சரியில்லாமல் போகும் நாளில் யார் அட்டெண்டராக வருவாரோ!

1995இல் தில்லியில் ஒரு பெண். வயது 44, திருமணமாகாதவர். மாதவிலக்கு நிற்காமல் போகிறது என்று மருத்துவமனைக்குப் போனார். உள்ளே கருவி விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதித்து மயக்க மருந்து ஏற்றிக்கொண்டார். அவர் மயக்கத்தில் கிடந்தபோது உள்ளேயிருந்து ஆள் வந்து, வெளியே காத்திருந்த அவருடைய அம்மாவிடம் கையெழுத்து வாங்கியது. கண் விழித்தபோது அந்தப் பெண்ணுக்குக் கருப்பை இல்லை, சினைப்பைகள் இல்லை, கருக்குழாய்களும் இல்லை.

உயிர் போகும் அவசரமா? இல்லை. மயக்கம் தெளியும்வரை பொறுத்துக் கேட்டிருக்கலாம். அம்மா சம்மதித்துவிட்டாரே! மகளுக்கு 44 வயது என்பதெல்லாம் ஒரு பொருட்டா? நம் நாட்டில் பெண்ணுக்கு வயது ஏறும், மேஜர் ஆகும் வழக்கம் மட்டும் இல்லை.

அந்தப் பெண் தொடுத்த வழக்கைத் தேசிய நுகர்வோர் ஆணையம் தள்ளுபடி செய்தது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது, சுயநினைவு தற்காலிகமாக இல்லாத, வயது வந்த ஒருவருக்காக, உயிராபத்து இல்லாதபோது, தாயேயானாலும் இன்னொருவர் சம்மதிக்க முடியாது. அருமையான தீர்ப்பு. கூடவே அந்த ஆபரேஷனுக்கான கட்டணத்தை டாக்டர் வாங்கக் கூடாது என்றது. இழப்பீடாக 25,000 ரூபாய் தரச் சொன்னது. நோயாளியின் நன்மைக்காக நல்லெண்ணத்தில்தானே செய்தார் என்பதும் கணக்கில் கொள்ளப்பட்டது. ஒரு பெண்ணிடம் கேட்காமல் அவள் கருப்பையை எடுத்ததற்கு, 12 ஆண்டு நீதிமன்றம் ஏறி இறங்கிய பின் கிடைத்த விலை அது. கட்டிலுக்கும் பீரோவுக்கும்கூட இதைவிட அதிகம் கேட்கிறார்கள் ஐயா!

அம்மா இல்லாத இடத்தில் வார்டன் இருக்கிறார். 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி ஆய்வு நடந்தது. ஊசியைக் குறை சொல்லவில்லை. கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் நல்ல ஊசி அது. ஆனால் ஆய்வுக்கு உட்பட்ட பிள்ளைகளில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். பெற்றோரைத் தேடிக் காட்டுக்குள் போவானேன்? விடுதி வார்டன்களும் தலைமை ஆசிரியர்களும் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. அறிக்கை வெளியாகும்போது அந்தச் சிறுமிகள் ஊசி போட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது.

இதெல்லாம் வார்டன்களின் அலட்சியம், நர்சுகளின் அவசரம் என்று நினைத்துவிடாதீர்கள். மேலிடத்து ஆசி உண்டு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 7.16ஐப் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டுமாம். யாரிடம்? கணவரிடம் அல்லது மனைவியிடம். சிறாரானால் பெற்றோரிடமோ காப்பாளரிடமோ. அப்புறம், நிலைமைக்குத் தகுந்தபடி, நோயாளியிடம்! குழந்தைப்பேறு இல்லாமல் போகக்கூடிய ஆபரேஷன் என்றால் கணவன், மனைவி இருவரின் சம்மதமும் கட்டாயம்.

கருக்கலைப்புக்கு வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதனால் என்ன? “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா” என்ற எழுதாத சட்டம் அதைவிடப் பெரியது. அந்த வீட்டுக்காரனிடமிருந்து தப்பி வந்தவளாக அவள் இருந்தாலும், கையெழுத்து அவனுடையதுதான் வேண்டும்.

2023 ஆகஸ்டில், மருத்துவக் கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் புதிய நடத்தை விதிகளை அறிவித்தது. ஜெனரிக் மருந்து எழுதச் சொல்கிறார்களே என்று டாக்டர்கள் சங்கம் கொதித்தெழுந்தது. அந்த மாதம் முடிவதற்குள் புதிய விதிகள் நிறுத்திவைக்கப்பட்டு, 2002 விதிகள் மீண்டும் உயிர்பெற்றன. 7.16உம் சேர்ந்தே திரும்பியது. பட்டியலில் நோயாளிக்கு அதே கடைசி இடம்.