ஓப்பன் ஹவுஸ் அண்ணாச்சி

நியூ ஜெர்சியில் எடிசன், பிளெய்ன்ஸ்பரோ, பிரிட்ஜ்வாட்டர் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்த வீட்டு வாசலிலாவது 'ஓப்பன் ஹவுஸ்' பலகை நட்டிருந்தால், உள்ளே அண்ணாச்சி இருக்கிறார் என்று அர்த்தம். ஷூவுக்கு மேல் நீல பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, அண்ணாந்து, கூரையில் நீர்க்கறை தேடிக்கொண்டிருப்பார். பாளையங்கோட்டைக்காரர். மென்பொருள் வேலைக்கு வந்தவர்தான். ஆனால் இப்போது எது அவருடைய முழுநேர வேலை என்று சொல்வது கஷ்டம். வருகைப் பதிவேட்டில் எழுத அவர் பேனாவை எடுத்தால், "வேண்டாம் சார், உங்க நம்பர் எங்ககிட்ட இருக்கு" என்று ஏஜென்டுகளே தடுத்துவிடுகிறார்கள்.

மற்றவர்கள் கூடத்தையும் சமையலறையையும் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அண்ணாச்சி நேரே பேஸ்மென்டுக்கு இறங்குவார். கடைசிப் படியில் நின்று மூக்கை ஒருமுறை ஆழமாக உறிஞ்சுவார். ஈர வாசம் இருந்தால் அந்த வீட்டின் கதை அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் வாட்டர் ஹீட்டர் முன்னால் மண்டியிட்டு, ஸ்டிக்கரில் இருக்கும் தயாரிப்பு ஆண்டைக் கண்ணைச் சுருக்கிப் படிப்பார். பிறகு கேள்விகள்: ரேடான் வாயு சோதனை ஆச்சா? தோட்டத்தில் பழைய எண்ணெய் டேங்க் புதைந்திருக்கிறதா? குளிருக்கு எண்ணெய் எரித்த காலத்து இரும்பு டேங்குகள் இந்த ஊரில் பல பழைய வீடுகளின் மண்ணுக்கடியில் கிடக்கின்றன. கசிந்திருந்தால் மண்ணோடு தோண்டி எடுக்கும் செலவு, வாங்கியவன் தலையில் விடியும். இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

அப்புறம் போனை எடுத்துத் திசைகாட்டியைத் திறப்பார். தெற்குப் பார்த்த வாசல் ஆகாது. கணப்பு ஈசானி மூலையில் இருந்தால் ஆகாது. தெருக்குத்து வீட்டை வெள்ளைக்காரன் விலை குறைத்து விற்றால், "அவனுக்கே தெரிஞ்சிருக்கு பாத்தியா" என்பார். எல்லாம் பொருந்திய ஒரு கிழக்கு வாசல் வீடு ஒருமுறை அமைந்தது. கார்னர் வீடு. நம் ஊரில் கார்னர் மனைக்குக் கூடுதல் காசு கொடுத்து அடித்துக்கொள்வோம். அண்ணாச்சி வெளியே வந்து இரண்டு பக்க நடைபாதையையும் காலால் அளந்தார். "ஏ தம்பி, பனி பெஞ்சா இந்த ரெண்டு பக்கத்தையும் எவன் அள்ளுவான்?"

வாடகையா சொந்தமா என்று அவரிடம் ஓர் எக்ஸெல் ஃபைல் இருக்கிறது. அதை அவர் லேசில் திறக்க மாட்டார்; திறந்தால் லேசில் மூடவும் மாட்டார். ஐந்து லட்சம் டாலர் கடன், ஆறரை சதவீத வட்டி, முப்பது வருஷம் என்றால் மாதத் தவணை 3,160 டாலர். முதல் தவணையில் 2,708 டாலர் வட்டிக்கே போகும். அசலில் கழிவது வெறும் 452. "இந்த நானூத்தி அம்பத்திரெண்டு டாலருக்கா நான் புல்லு வெட்டணும்? வாடகை குடுத்தா காசு போயிருதுன்னு சொல்லுதவன், இந்த வட்டி எங்க போகுதுன்னு சொல்லட்டும்." அடுத்த பக்கம், சொத்து வரி. அமெரிக்காவிலேயே இந்த மாநிலத்தில்தான் அதிகம். 2024இல் சராசரி வீட்டுக்கு ஆண்டு வரி பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. "கடனை அடைச்ச பெறவும் இது போகாது. அப்ப காலம்பூரா டவுன்ஷிப்புக்கு வாடகை குடுக்கோம், அம்புட்டுதான்."

எதிர்த்துப் பேச முடியாது. கணக்கில் ஒரு பிழையும் இருக்காது. வாங்கும்போது பத்திரச் செலவு, விற்கும்போது ஏஜென்ட் கமிஷன் என்று இரண்டு முனையிலும் வெட்டு விழுவதால், சீக்கிரம் கிளம்புகிறவன் வாடகைக்கு இருப்பதே புத்திசாலித்தனம் என்பது உண்மைதான். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் பிரபலமான வாடகைக் கணக்கியில்கூட, எத்தனை வருஷம் இருக்கப்போகிறீர்கள் என்று ஒரு கேள்வி உண்டு. அண்ணாச்சியின் ஃபைலிலும் மஞ்சள் பூசிய ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஓர் எண்ணை மாற்றினால் கீழே வரும் விடை தலைகீழாகும். மகள் கிண்டர்கார்டன் போன வருஷம் அதில் 2 என்று போட்டார். மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. கட்டத்தில் இன்னும் 2.

அந்த இரண்டைக் கேலி செய்ய எனக்கு மனசு வருவதில்லை. எச்1பி விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் அறுபது நாள் அவகாசம். அதற்குள் இன்னொரு வேலையோ வேறு விசாவோ அமையாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். முப்பது வருஷக் கடனில் அறுபது நாள்காரன் எந்தத் தைரியத்தில் கையெழுத்துப் போடுவான்? மாதாமாதம் விசா புல்லட்டின் வரும். இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசை அதில் சில மாதம் நகரும், சில மாதம் நின்றுவிடும், சில மாதம் பின்னாலும் போகும். இந்தப் பக்கம் அது என்றால் அந்தப் பக்கம் பாளையங்கோட்டையில் அவர் அம்மா. ஞாயிறு ராத்திரி போனில், "எப்பய்யா வருவ?" என்பார். "இன்னும் ரெண்டு வருஷம்மா." இதுவும் அதே இரண்டுதான்.

ஆனால் விசா மேல் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. 2012 வாக்கில் வீட்டு விலைகள் தரைதட்டிக் கிடந்தபோது, "இன்னும் விழும்" என்றார். 2021 ஜனவரியில் முப்பது வருஷக் கடனின் சராசரி வட்டி 2.65 சதவீதத்துக்கு வந்தது. அதற்குக் கீழே அது போனதே இல்லை. அண்ணாச்சி, "ரெண்டுக்கு வரட்டும், பாத்துக்கிடலாம்" என்றார். 2023 அக்டோபரில் அது 7.79 ஆனது. வருத்தப்படுவார் என்று பார்த்தால், "1981இல் பதினெட்டுக்கு மேல போயிருக்கு தம்பி, தெரியும்லா?" என்று சந்தோஷமாகக் கேட்டார்.

இதில் பெரிய வேடிக்கை, வட்டாரத்தில் பாதிப் பேர் வீடு வாங்கியது அவர் யோசனையில்தான். ஒப்பந்தம் போட்ட பிறகு வக்கீல் பார்க்கும் மூன்று வேலை நாளில் எதைக் கேட்கலாம், இன்ஸ்பெக்‌ஷனில் எதை வைத்து விலை குறைக்கலாம் என்பதெல்லாம் அத்துப்படி. வாங்கியவர்களும் கிரகப்பிரவேசத்துக்கு அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். காரின் டிக்கியில் ஒரு கேம்ப்பிங் அடுப்பும் நாலைந்து ஷவர் கேப்பும் எப்போதும் இருக்கும். ஹோமப் புகையில் ஸ்மோக் அலாரம் அலறி ஃபயர் எஞ்சின் வந்துவிடாமல் இருக்க, அலாரத்துக்கெல்லாம் ஷவர் கேப் மாட்டி, ஹோம குண்டத்தை கராஜுக்கு மாற்றி, ஷட்டரைத் தூக்கிவிடுவார். புதுக் கண்ணாடி அடுப்பில் பால் வழிந்தால் கறை போகாதே என்று வீட்டுக்காரப் பெண் பதறும்போது, கேம்ப்பிங் அடுப்பை எடுத்து நீட்டுவார். எல்லாம் முடிந்ததும் மறக்காமல் ஷவர் கேப்பைக் கழற்றிவிடுவார். அவர் மனைவி, எங்கள் மதினி, ஒரு மூலையில் உட்கார்ந்து, அந்தச் சமையலறை மேடையைத் தடவிக்கொண்டே, "நல்லாருக்கு" என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் அண்ணாச்சிக்கு ஒரு ஃபிளாட் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மாமனார் போன் செய்தார், இவர் பணம் அனுப்பினார், முடிந்தது. பேஸ்மென்ட் மோப்பம் இல்லை, எக்ஸெல் இல்லை. வாசல் எந்தப் பக்கம் என்றேன். யோசித்துவிட்டு, "லிஃப்டைப் பாத்து" என்றார்.

போன வருஷம் அவர் குடியிருக்கும் டவுன்ஹவுஸின் உரிமையாளர், ஃபுளோரிடாவுக்குப் போகிறேன், விற்கப்போகிறேன், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஏஜென்ட் கமிஷன் இல்லாத விலை. மதினி முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நாங்கள் பார்த்ததில்லை. அண்ணாச்சி ஒரு நாள் அவகாசம் கேட்டார். அன்று சாயங்காலம், தன் மகள் தவழ்ந்து, நடந்து, வளர்ந்த அந்த வீட்டின் பேஸ்மென்டில் இறங்கி மூக்கை உறிஞ்சினார். வாட்டர் ஹீட்டர் முன் மண்டியிட்டார். திசைகாட்டியைத் திறந்தார். மேலே வந்தபோது முகம் கறுத்திருந்தது. "ஈசானியத்துல கக்கூசு. இத்தனை வருஷம் எப்படி இருந்தோம்னே தெரியல."

ஆக, அவர் குடியிருந்த வீட்டுக்கே ஓப்பன் ஹவுஸ் நடந்தது. குடியிருப்பவர்கள் அந்த நேரம் வெளியே போய்விடுவது வழக்கம். அண்ணாச்சி நீல உறை மாட்டி உள்ளேயே நின்றார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் புதுத் தம்பதி ஒன்று வந்தது. கூரை எந்த வருஷம் மாற்றியது, பனியை அசோசியேஷனே அள்ளிவிடும், பள்ளிக்கூடம் எவ்வளவு கிட்டம் என்று ஏஜென்ட் வாயைத் திறக்க விடாமல் இவரே விளக்கினார். அந்தப் பையன் அன்றைக்கே விலை சொன்னான். கிரகப்பிரவேசத்துக்கு ஷவர் கேப் மாட்டியதும் அண்ணாச்சிதான்; எந்த அலாரம் சீக்கிரம் கத்தும் என்பது அவருக்குத்தானே தெரியும்.

அடுத்த தெருவிலேயே வேறு வாடகை வீடு கிடைத்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டால் மாதம் நூறு டாலர் குறைக்கிறேன் என்றாராம் வீட்டுக்காரர். அண்ணாச்சி ஒரு வருஷத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டு வருஷம்லாம் எப்படி தம்பி கட்டுப்படுதது? நாளைக்கே ஊருக்குக் கெளம்பணும்னு வந்துட்டா?"