கணவனை எந்த அத்தியாயத்தில் சாகடிக்கலாம்?

குடும்பத்தில் ஒரு சாவு, கொஞ்சம் ஆறுதல், அப்புறம் இரண்டாவதாக ஒரு காதல். இந்த மூன்றையும் வைத்துக் கட்டிய நாவலுக்குத் தமிழில் என்றைக்கும் கிராக்கி உண்டு. நீங்களும் ஒன்று எழுதப் போகிறீர்கள், அதுவும் திருச்சி பாலக்கரையில் நடக்கிற கதை என்று கேள்விப்பட்டேன். மாத நாவல்களை வாடகைக்கு எடுத்துப் படித்தே கண் கெட்டவன் என்ற தகுதியில் சில யோசனைகள் சொல்கிறேன். பணம் வேண்டாம். புத்தகம் வந்ததும் ஒரு பிரதி கொடுத்தால் போதும்.

முதல் வேலை, கணவனைச் சாகடிப்பது. இதில் தாமதம் கூடவே கூடாது. காலையில் தாலி கட்டினான் என்றால், மத்தியானப் பந்தியில் பாயசம் வருவதற்குள் லாரி வந்துவிட வேண்டும். காந்தி மார்க்கெட்டுக்கு வெங்காயம் ஏற்றி வருகிற லாரிகள் பாலக்கரைக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் என்பதால் உங்களுக்கு இது சுலபம். அன்றிரவு வரைக்கும் அவனை உயிரோடு விட்டுவைத்தீர்களோ, தொலைந்தது. முதலிரவு முடிந்துவிட்டால் கதாநாயகிக்கு இரண்டாவது மாப்பிள்ளை தேடுவது கஷ்டம். மாப்பிள்ளைக்கு ஆட்சேபம் இருக்காது, வாசகர்களுக்குத்தான் இருக்கும் என்று பதிப்பாளர் சொல்வார். வாசகர்களைக் கேட்டால் எங்களுக்கு இல்லை, பதிப்பாளருக்குத்தான் என்பார்கள். இந்த இருவருக்கும் நடுவில் எத்தனை மாப்பிள்ளைகள் அநியாயமாகச் செத்திருக்கிறார்கள்! பேச ஒரு நல்ல வசனம்கூடக் கிடைக்காமல், சந்தன மாலை போட்ட படத்துக்குள் உட்கார்ந்து மீதி நூற்றைம்பது பக்கமும் சிரித்துக்கொண்டிருப்பதுதான் அவர்கள் உத்தியோகம்.

இந்த வித்தைக்கு ஒரு பழைய நியாயம் உண்டு. அ. மாதவையா 1903-இல் ‘முத்துமீனாட்சி’ எழுதியபோது அவர் கதாநாயகி குழந்தை விதவை. அப்படிப்பட்ட பெண்கள் அப்போது தெருவுக்குத் தெரு இருந்தார்கள். மறுமணத்துக்கு வழிவிடும் சட்டம் 1856-லேயே வந்தும் வீட்டுக்குள் வரவில்லை. மாதவையா துணிந்து அவளுக்கு மறுமணம் செய்துவைத்தார். ஆக, வாழாமலே விதவையானவள் என்பது அவருக்குக் கண்ணால் கண்ட கொடுமை. நமக்கோ அது ஒரு வசதி. பெண் பி.இ. முடித்து இருபத்தாறு வயதில் கல்யாணம் செய்துகொள்கிறாள், ஆனாலும் லாரி மட்டும் அதே நேரத்துக்கு வந்துவிடுகிறது.

மனைவியைச் சாகடிப்பதாக இருந்தால் இவ்வளவு பதற்றம் வேண்டாம். ஆண்பிள்ளை எத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருந்தாலும் அவனுக்கு ஒட்டாது. பிரசவத்தில் போய்விட்டாள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்றை அவன் இடுப்பில் ஏற்றுங்கள். பதினைந்து பக்கத்துக்கு ஒருமுறை அதற்குக் காய்ச்சல் வர வேண்டும். காய்ச்சலில் யாரோ ஒரு பெண்ணைப் பார்த்து அது ‘அம்மா’ என்று முனக வேண்டும். அந்த முனகலோடு கல்யாணம் நிச்சயம். ஒன்று மட்டும் கவனம்: மலைக்கோட்டையில் இருக்கிற தாயுமானவரை நாவலுக்குள் விட்டுவிடாதீர்கள். காவிரியில் வெள்ளம் வந்து தாய் அக்கரையில் நின்றுவிட, பிரசவ வேதனையில் இருந்த பெண்ணுக்குச் சிவனே தாயாக வந்து பார்த்துக்கொண்டார் என்பது ஊர் அறிந்த கதை. சாமியே செய்தபோது நீ உன் மகளுக்குத் தலைபின்னக் கற்றுக்கொள்ளக் கூடாதா என்று எவளாவது கதாநாயகனைக் கேட்டுவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

வருகிறவள் மனைவியின் தங்கையாக இருந்தால் இன்னும் விசேஷம். அம்மாவின் தங்கையும் சித்திதான், அப்பாவின் இரண்டாம் தாரமும் சித்திதான். நம் பாஷையே தரகு வேலை பார்த்து வைத்திருக்கிறது. ஸ்ரீதர் மட்டும் 1959-இல் ‘கல்யாணப் பரிசு’ படத்தில் இதற்கு இடம் கொடுக்கவில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டு அவளைப் பறிகொடுத்தவன், பழைய காதலியான தங்கையின் கல்யாணத்தில் வந்து குழந்தையைப் பரிசாகக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறான். மூன்று வருடம் கழித்து ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தில் நோயாளியான கணவனே மனைவியிடம், நான் போனபின் எனக்கு வைத்தியம் பார்க்கிற இந்த டாக்டரைக் கட்டிக்கொள் என்கிறான். இரண்டாவது வாய்ப்பு தட்டில் வைத்து வந்துவிட்டது. என்ன ஆகிறது? நோயாளி பிழைத்துக்கொள்ள, டாக்டர் செத்துப்போகிறார். பெண்ணுக்கு மறுமணம் செய்துவைப்பதைவிட ஒரு டாக்டரைக் கொல்வது நமக்கு எளிதாக இருந்திருக்கிறது.

டாக்டர் என்றதும் ஞாபகம். கதாநாயகன் டாக்டராகத்தான் இருக்க வேண்டுமென்று யார் விதித்தார்களோ தெரியாது. நம் ஜில்லாவில் டாக்டராக இருந்தவர் கதாநாயகன் அல்ல, கதை எழுதினவர்தான். தொட்டியத்துக்காரரான திரிபுரசுந்தரி, லக்ஷ்மி என்ற பெயரில் எழுதிச் சம்பாதித்தே ஸ்டான்லியில் மருத்துவம் படித்தார். 1955-இல் தென்னாப்பிரிக்கா போய், 1977-இல் திரும்பி வந்து, ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு 1984-இல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கினார். தொட்டியம் இருக்கிற அதே காவிரி வடகரையில் முசிறிக்காரர் ராஜம் கிருஷ்ணன். குடும்பத்துக்குள் நடப்பதை எழுதக் காவிரித் தண்ணீரில் ஏதோ இருக்கிறது.

இனி, அழுவதற்கு இடம். இதில்தான் பாலக்கரை உங்களைக் கைவிடும். பஸ் ஹாரனும் பாங்கொலியும் சகாய மாதா கோவில் மணியும் மாறி மாறிக் கேட்கிற இடத்தில் ஒருத்தி தனியாக இருந்து விசும்ப முடியாது. விசும்பினாலும் எதிர்வீட்டு அக்கா, “என்னம்மா, வெங்காயம் நறுக்குறியா?” என்று கேட்பாள். உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரம் உட்கார வைக்கலாம் என்றால், பெயரில் இருக்கிற உய்வு தண்ணீரில் இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணீர் விடுவது சிரமம். பழைய எழுத்தாளர்கள் இந்த இடத்தில் அவளை ஊட்டிக்கு அனுப்பிவிடுவார்கள். நீங்கள் பஸ் ஏற்றி ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்கு அனுப்புங்கள்.

ஆனால் அங்கே போய் நிஜமாகவே ஒரு மணி நேரம் படியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒரு படியில் தலையில் ஈரத்துண்டு போட்டவன் அப்பாவின் எலும்பைக் கரைத்துக்கொண்டிருப்பான். இரண்டு படி தள்ளி அமாவாசைத் தர்ப்பணத்துக்கு எள்ளுக்குப் பேரம் நடக்கும். அதே படிக்கு ஆடிப் பதினெட்டன்று புதுப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து, கல்யாண மாலையை ஆற்றில் விட்டு, தாலிக் கயிறு மாற்றி, சித்ரான்னம் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். துக்கத்துக்கு ஒரு கரை, சந்தோஷத்துக்கு ஒரு கரை என்று காவிரியைப் பங்குபோட யாருக்கும் தோன்றவில்லை. கணவனை இழந்தவள் மட்டும் அன்றைக்கு எந்தப் படியில் நிற்பது என்று தெரியாமல் மண்டபத் தூண் ஓரமாக நிற்பாள். உங்கள் நாவலில் எனக்கு வேண்டிய அத்தியாயம் அந்தத் தூண் ஓரத்தில் இருக்கிறது. இதற்குமேல் வேடிக்கையாகச் சொல்ல வரவில்லை, அடுத்ததற்குப் போகிறேன்.

அடுத்தது சம்மதம். கதாநாயகி தானாகச் சரி என்று சொல்லிவிடக் கூடாது; குடும்பத்தில் ஒரு மூத்தவர் சொல்ல வேண்டும். மாமியார் சொன்னால் கண்ணீர் இரட்டிப்பு. பாட்டி சொல்வதாக இருந்தால் ஜெயகாந்தனின் ‘யுகசந்தி’யை ஒருமுறை படித்துவிட்டு, அதற்குப் பிறகும் துணிவு மிச்சமிருந்தால் எழுதுங்கள்.

கடைசியாகச் சர்க்கார் விவகாரம். கல்யாணம் ஆனதும் இவர்கள் எதில் குடித்தனம் நடத்துவார்கள் என்று எந்த நாவலும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் டாக்டர் தருமாம்பாள் அம்மையார் பெயரில் விதவை மறுமண நிதியுதவித் திட்டம் இருக்கிறது. 25,000 ரூபாய், பட்டதாரியானால் 50,000, தாலிக்கு 8 கிராம் தங்கம். மாப்பிள்ளைக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. விண்ணப்பத்தோடு கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற காட்சி, ஊட்டி ஏரியில் படகு விடுவதைவிட எனக்குக் காதலாகப் படுகிறது.

இந்த யோசனைகளெல்லாம் என் சொந்தச் சரக்கல்ல என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நானும் ஒரு காலத்தில் இப்படி ஒன்று எழுதினேன். லாரி, படம், டாக்டர் எல்லாம் உண்டு. கையெழுத்துப் பிரதியைப் பாலக்கரையில் என் அத்தையிடம் கொடுத்தேன். அத்தைக்கு முப்பத்தொரு வயதில் மாமா தவறிவிட்டார். அப்புறம் வாடகை நூலகத்தில் அவள் படிக்காத மாத நாவல் இல்லை. முதல் பக்கத்திலேயே பால்பாயிண்டில் ‘கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள்’ என்று எழுதித் திருப்பிக் கொடுக்கிற ஆசாமி அவள்தான் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

ஒரு வாரம் கழித்துப் பிரதி திரும்பி வந்தது. லாரி வருகிற பக்கத்தைக் குறுக்கே அடித்திருந்தாள்.

“அவன் ஒரு அஞ்சு வருஷம் இருந்துட்டுப் போகட்டுமேடா. இந்தப் பொண்ணுக்கு நெனச்சுக்கறதுக்காவது ஏதாவது வேணாமா?”

“அப்புறம் அந்த டாக்டர் எப்படி அத்தை...”

“அதான் நானும் கேக்கறேன். அவருக்கு என்ன வயசு?”

“முப்பத்தெட்டு.”

“அப்ப இன்னும் ரெண்டு வருஷத்துக்குள்ள எழுதி முடி. நாப்பது தாண்டிட்டா எட்டு கிராம் கிடையாது.”