சார்ஜர் புத்தகமும் சார்ஜரின் ஒரு பாகமே

கேள்வி: புது ஸ்கூட்டரோடு வந்த சார்ஜர் புத்தகம் முழுக்க இங்கிலீஷ். தமிழில் தர வேண்டும் என்று சட்டம் இல்லையா?
– ஓர் ஆசிரியை, குன்னம்

பதில்: சார்ஜர் என்று பெயர் சொல்லித் தமிழைக் கட்டாயமாக்கிய சட்டம் இல்லை. பெட்டியின்மேல் அச்சிடும் விவரங்களுக்கான 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள்கூட இந்தி அல்லது ஆங்கிலம் போதும், மற்ற மொழிகளை விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்கின்றன. ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆவது பிரிவைப் படியுங்கள். தீங்கு வராமல் பயன்படுத்துவதற்குப் போதுமான அறிவுரையோ, தவறான பயன்பாடு பற்றிய எச்சரிக்கையோ இல்லாத பொருளால் ஒருவருக்குக் கேடு நேர்ந்தால், அதற்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. குன்னத்தில் விற்கிற பொருளுக்குக் குன்னத்துக்காரர் படிக்க முடியாத எச்சரிக்கை ‘போதுமானது’ என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: ஊருக்கு ஊர், மொழிக்கு மொழி புத்தகம் போட்டால் கம்பெனிக்குக் கட்டுப்படியாகுமா?
– பருத்தி விவசாயி, வேப்பந்தட்டை

பதில்: பதில் உங்கள் வீட்டுப் பூச்சிமருந்து டப்பாவிலேயே இருக்கிறது. 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளின்படி லேபிளும் உள்ளே மடித்து வைக்கும் தாளும் இந்தியிலும் ஆங்கிலத்திலும், அதோடு விற்கிற வட்டாரத்தில் வழங்கும் ஒன்றிரண்டு மொழிகளிலும் அச்சாக வேண்டும். எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் நஞ்சின் கடுமை புரிய சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறமும் உண்டு. அரை நூற்றாண்டாக நடக்கிற காரியம் இது. சில நூறு ரூபாய் மருந்துக்குக் கட்டுப்படியாகிறது என்றால், பல ஆயிரம் ரூபாய் சார்ஜருக்கும் ஆகும்.

கேள்வி: மேனுவலை யார் சார் படிக்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், பெரம்பலூர்

பதில்: விபத்துக்குப் பிறகு எல்லோரும் படிக்கிறார்கள். விபத்துக்கு முன்னால் படிக்கத் தோன்றும்படி எழுதுவதுதான் எழுதுகிறவர் வேலை.

கேள்வி: கார் சார்ஜர் மாட்டக் கூப்பிடுகிறார்கள். போனால் வீட்டுக்காரர் ஒரு புத்தகத்தை நீட்டுகிறார். நாற்பது பக்கத்தில் எனக்கு வேண்டியது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. சில வீடுகளில் மாட்டி முடித்ததும் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏற மறுக்கிறது.
– எலக்ட்ரீஷியன், அரியலூர்

பதில்: உங்களுக்கென்று தனியாக ஒரே ஒரு தாள் இருக்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவருக்கு வேண்டியது வேறு, சுவரில் துளை போடுகிறவருக்கு வேண்டியது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கொட்டியதுதான் இன்றைய புத்தகங்களின் பெரிய குறை.

அந்தத் தாளில் முதலில் வர வேண்டியது மின்னோட்டமும் நேரமும். 3.3 கிலோவாட் சார்ஜர் 230 வோல்ட்டில் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அயர்ன் பாக்ஸ் சூடானதும் தானே நின்று நின்று ஓடும். கிரைண்டர் அரை மணியில் முடிந்துவிடும். சார்ஜரோ ராத்திரி முழுக்க ஒரே இழுப்பாக இழுக்கும். லேசாகத் தளர்ந்த திருகு ஒன்று போதும், விடிவதற்குள் சாக்கெட் உருகிவிடும். அதனால் மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்.சி.பி., கையேடு சொல்லும் பருமனில் செம்புக் கம்பி. 7.4 கிலோவாட் என்றால் 32 ஆம்பியர். பழைய ஒயரிங்கோடு அதை ஒட்டவைக்க நினைக்கவே கூடாது.

அடுத்தது, மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாத கசிவிலேயே விழ வேண்டும். வகை ‘ஏ’ ஆகவாவது இருக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ‘ஏசி’ வகை. வண்டியின் பேட்டரிப் பக்கத்திலிருந்து நேர்மின்னோட்டம் கசிந்தால் அந்த வகை மரத்துப்போய், விழ வேண்டிய நேரத்தில் விழாமல் நிற்கும். நல்ல சுவர் சார்ஜர்களில் 6 மில்லி ஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டுபிடிக்கும் அமைப்பு உள்ளேயே இருக்கும். இருக்கிறதா இல்லையா என்று தாள் ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும்.

இப்போது சிவப்பு விளக்குக்கு வருகிறேன். பல வீடுகளில் அதற்குக் காரணம் எர்த். சார்ஜர் எர்த்தைச் சோதித்துவிட்டுத்தான் மின்சாரத்தை விடும். நம் பக்கத்து மண்ணை நினைத்துப் பாருங்கள். அரியலூரில் சுண்ணாம்புப் பாறை, பெரம்பலூரில் கரிசல். பாறை காய்ந்தால் மின்சாரத்தை எளிதில் உள்ளே வாங்காது. கரிசல் கோடையில் வெடித்து எர்த் குழாயிலிருந்து விலகிவிடும். மழைக்காலத்தில் ஒழுங்காக ஏறிய சார்ஜர் சித்திரையில் முரண்டு பிடிப்பது இதனால்தான். குழியை ஆழமாகத் தோண்டுங்கள், கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள், எர்த் டெஸ்டர் வைத்து அளந்து எண்ணைச் சுவரிலேயே எழுதிவையுங்கள். எத்தனை ஓம் வரை சார்ஜர் ஏற்கும் என்பதைக் கையேடு எண்ணாகத் தர வேண்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். விளக்கை அணைப்பதற்காகப் பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். சார்ஜர் ஏமாந்து வேலை செய்யும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் வண்டியின் இரும்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். காலையில் அந்த வண்டியைத் தொடப்போவது குழந்தையாகவும் இருக்கலாம். இந்த ஒரு தவறைப் பற்றிய எச்சரிக்கை தமிழில், படத்தோடு, முதல் பக்கத்தில் வர வேண்டும்.

கேள்வி: வாசல் வரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து சார்ஜ் போடலாமா?
– கடைக்காரர், லப்பைக்குடிக்காடு

பதில்: கூடாது. மத்திய மின்சார ஆணையம் சார்ஜிங் நிலையங்களுக்கு வகுத்த பாதுகாப்பு விதிகளே நீட்டிப்பு ஒயரைத் தடுக்கின்றன. சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், வண்டி சார்ஜிங் பாயிண்டிலிருந்து 5 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. உங்கள் வீட்டுக்கும் அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பாயிண்டை வாசலுக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: வீட்டு மீட்டரிலேயே சார்ஜ் போட்டால் ஈ.பி.காரர்கள் அபராதம் போடுவார்களா?
– ஓய்வுபெற்ற அலுவலர், ஜெயங்கொண்டம்

பதில்: உங்கள் சொந்த வண்டிக்கு என்றால் பயப்பட வேண்டாம். வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதலில் இருக்கிறது. ஆனால் உங்கள் இணைப்புக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்று பாருங்கள். 7.4 கிலோவாட் சார்ஜர் வைப்பதற்கு முன் ஈ.பி. ஆபீஸில் கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள்: 3 யூனிட் பேட்டரி உள்ள ஸ்கூட்டரைத் தினமும் முழுதாக ஏற்றினால் இரண்டு மாதத்தில் 180 யூனிட்டைத் தாண்டும். இலவசமாக வரும் 100 யூனிட் அதிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: ஒரு நிறுவனத்துக்காக சார்ஜர் கையேட்டைத் தமிழில் எழுதும் வேலை வந்திருக்கிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– தமிழ் முதுகலைப் பட்டதாரி, உடையார்பாளையம்

பதில்: வாழ்த்துகள். உயிர் காக்கிற உரைநடை எழுதப்போகிறீர்கள்.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. அதனால் தடையும் கடைசியில்தான் வருகிறது. ‘ஈரக் கையோடு பிளக்கைத் தொட்டு இழுத்து’ என்று படித்துக்கொண்டே போகிறவர் ‘எடுக்கக் கூடாது’ என்ற இடத்துக்கு வருவதற்குள் கை பிளக்குக்குப் போயிருக்கும். ஆகவே ஐ.எஸ்.ஓ. 7010 தரத்தில் உள்ள சிவப்பு வட்டத் தடைக் குறியை வாக்கியத்துக்கு முன்னால் வையுங்கள். வாக்கியத்தை நான்கைந்து சொல்லில் முடியுங்கள்.

தடை சொல்லும் இடத்தில் ‘வேண்டாம்’ எழுதாதீர்கள். ‘மெயினை அணைக்க வேண்டாம்’ என்றால் அணைக்கத் தேவையில்லை என்றும் கொள்ளலாம், அணைத்தால் ஆபத்து என்றும் கொள்ளலாம். தடைக்கு எப்போதும் ‘கூடாது’. கட்டாயத்துக்கு ‘வேண்டும்’. இரண்டு எதிர்மறையை ஒரே வாக்கியத்தில் அடுக்கவே கூடாது.

எச்சரிக்கை, செய்முறைக்கு முன்னால் வர வேண்டும். மூன்றாவது படியில் கழற்றச் சொல்லிவிட்டு நான்காவது படியில் ‘முன்னதாக மெயினை அணைத்திருக்க வேண்டும்’ என்று எழுதிய கையேடுகள் உண்டு. ஒரு பொருளுக்கு முதல் பக்கத்தில் என்ன பெயரோ கடைசிப் பக்கத்திலும் அதே பெயர். எலக்ட்ரீஷியன் ‘எர்த்’ என்றுதான் சொல்கிறார், அதையே எழுதுங்கள். தமிழ், ஆங்கிலத்தைவிட அதிக இடம் பிடிக்கும். வடிவமைப்பாளர் எழுத்தைச் சிறிதாக்கி அடைக்கப் பார்ப்பார், விடாதீர்கள். புள்ளி மறைந்தால் பொருளும் மாறிவிடும்.

கையேடு எழுதுவதற்கென்றே ஐ.ஈ.சி. 82079-1 என்று ஓர் உலகத் தரம் 2012-இல் வந்து 2019-இல் திருத்தப்பட்டிருக்கிறது. சார்ஜருக்கு ஐ.எஸ். 17017 என்ற இந்தியத் தர வரிசை இருக்கிறது. இரண்டையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்பாதீர்கள். மின்சாரம் இல்லாத மாதிரிச் சார்ஜர் ஒன்றை மேசைமேல் வைத்து, அதை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் தடுமாறுகிற ஒவ்வொரு இடத்திலும் திருத்த வேண்டியது உங்கள் வரியைத்தான்.

கேள்வி: கம்ப்யூட்டரே மொழிபெயர்த்துத் தருகிறதே?
– டி.டி.பி. மையம் நடத்துபவர், செந்துறை

பதில்: முதல் படிக்கு உதவட்டும். மின்சாரம் தெரிந்த தமிழர் ஒருவர் ஒவ்வொரு எண்ணையும் ஒவ்வொரு ‘கூடாது’வையும் மூலத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடாமல் அச்சேறக் கூடாது.

கேள்வி: கியூஆர் கோடு ஒட்டிவிட்டால் காகிதமே தேவையில்லை என்கிறார்களே?
– பொறியாளர், பெரம்பலூர்

பதில்: முழு விளக்கம் இணையத்தில் இருக்கட்டும், பாதுகாப்புப் பக்கம் காகிதத்தில்தான் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த இயந்திர ஒழுங்குமுறை மின்வழிக் கையேட்டை அனுமதித்தாலும், தொழில்முறைப் பயிற்சி இல்லாத சாதாரண மக்களுக்கான பொருளில் இன்றியமையாத பாதுகாப்புத் தகவலைக் காகிதத்தில் தரச் சொல்கிறது. அது சார்ஜருக்கென்று வந்த சட்டம் இல்லை, ஆனால் அதன் நியாயம் நமக்கும் பொருந்தும். புகை வருகிற நேரத்தில் யாரும் போனை எடுத்து ஸ்கேன் செய்துகொண்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் சிமெண்ட் லாரி ஓயாது. வெளிச்சுவரில் சார்ஜர் மாட்டினால் தூசு போகாதா?
– இல்லத்தரசி, ரெட்டிபாளையம்

பதில்: பெட்டியில் ‘ஐ.பி.’ என்று போட்டுப் பக்கத்தில் இரண்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 5 என்றால் கெடுதல் செய்யாத அளவு தூசு உள்ளே போகலாம், 6 என்றால் தூசு புகாது. உங்கள் தெருவுக்கு 65 வாங்குங்கள். சார்ஜ் செய்யாத நேரத்தில் கனெக்டரின் மூடியை மூடியே வையுங்கள். தூசு படிந்த முனையில்தான் சூடு ஏறும்.

கேள்வி: வீட்டில் சார்ஜரை அணைப்பது அம்மாயிதான். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது.
– கல்லூரி மாணவி, திருமானூர்

பதில்: அப்படியானால் அந்த வீட்டில் கையேட்டின் முதல் வாசகர் அம்மாயிதான். எந்த விளக்குக்கு என்ன அர்த்தம் என்று நிறத்தோடு ஒரு ஸ்டிக்கர் சார்ஜருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும். கம்பெனி தரவில்லை என்றால் நீயே வரைந்து ஒட்டும்மா. பிளக் தொட்டால் சுடுகிறதா, கருகிய வாடை வருகிறதா என்று கவனிக்கச் சொல்லு. வந்தால் வண்டியையும் ஒயரையும் தொடாமல் நேரே மெயினை அணைக்க அவங்களைப் பழக்கு.

கேள்வி: ஷோரூம் வைத்திருக்கிறேன். கம்பெனி தமிழில் தரவில்லை. நானே எழுதி அச்சடித்துக் கொடுத்தால் சட்டச் சிக்கல் வருமா?
– வாகன விற்பனையாளர், அரியலூர்

பதில்: நல்ல மனசு. ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆவது பிரிவு விற்பவரையும் பொறுப்பாக்குகிறது. தயாரிப்பாளர் சொன்ன எச்சரிக்கையையும் அறிவுரையையும் வாங்குகிறவரிடம் சேர்க்காவிட்டால் நீங்களும் பதில் சொல்ல வேண்டும். நீங்களாக ஓர் உத்தரவாதம் கொடுத்தால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. ஆகவே எண்ணை மாற்றாமல், எதையும் கூட்டாமல் குறைக்காமல் எச்சரிக்கைப் பக்கத்தைத் தமிழாக்கி, கம்பெனிக்கு அனுப்பி, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பதில் வர இழுத்தடித்தால் திரும்பத் திரும்ப எழுதுங்கள். அதுவரை வண்டிச் சாவியைக் கொடுக்கிற அன்றைக்கே அந்தப் பக்கத்தை வாங்குகிறவருக்கு வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள், பத்து நிமிடம்தான் ஆகும். வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பில்லையும் புத்தகத்தையும் சேர்த்து வையுங்கள். சந்தேகம் என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. வழக்கு என்று வந்தால் கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை.