சத்தம் போடாதீங்க, மீன் பயந்துக்கும்!

கொளத்தூரில் வண்ண மீன் வாங்கிப் போகிறவர்களில் இரண்டு ரகம். கோல்டு ஃபிஷ் வாங்குகிறவர் வீடு போய்ச் சேர்ந்ததும் மீனை மறந்துவிடுவார். டிஸ்கஸ் வாங்குகிறவர் நம்மை மறந்துவிடுவார்.

டிஸ்கஸ் அமேசான் ஆற்றுப் பிறவி, சிக்லிட் குடும்பம். மிரண்டால் உடம்பு கறுத்து, தொட்டிக்குள் கிடக்கும் மரக்கட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். அது வந்த நாள் முதல் வீட்டில் ஊரடங்கு. மிக்ஸி ஓடக்கூடாது. டிவி சீரியலில் மருமகள் சத்தமில்லாமல் அழுவாள். யாராவது கதவைச் சாத்தினால் "மெல்ல!" என்று ஒரு கத்தல் வரும். வீட்டிலேயே பெரிய சத்தம் அதுதான். (கூடத்தில் நடமாட்டம் இருந்தால்தான் இந்த மீன்களுக்குக் கூச்சம் தெளியும் என்பது விஷயம் தெரிந்தவர்கள் சொல்வது. அவரிடம் சொல்லிப் பாருங்கள்.)

விருந்தாளியை நேரே தொட்டிக்கு எதிரில் உட்கார வைப்பார். தண்ணீர் தெரியும், கட்டை தெரியும்.

"மீன் எங்க சார்?"

"இருக்கு. செட்டில் ஆகுது."

காபி ஆறும்வரை காத்திருந்தால் ஒரு வால் தரிசனம் கிடைக்கும்.

டிஸ்கஸுக்கு வெதுவெதுப்பு வேண்டும். ஹீட்டர் இரவும் பகலும் 29 டிகிரியில் நிற்கும். அதே வீட்டில் தாத்தா குளிக்க வெந்நீர் கேட்டால், "கீசர் போட்டா கரன்ட் பில் எகிறுதுப்பா" என்று பதில் வரும்.

கூச்சத்துக்கு வைத்தியமும் வைத்திருக்கிறார். டெட்ரா என்கிற பொடி மீன்களைக் கூட்டமாக விட வேண்டுமாம். அவை பயமில்லாமல் நடுத்தொட்டியில் திரிவதைப் பார்த்து, டிஸ்கஸும் தைரியம் வந்து வெளியே தலைகாட்டும். "அவசரப்படுத்தவே கூடாது சார், தானா வரணும்" என்று நமக்கு விளக்கிக்கொண்டே, அறைக்கதவுக்குப் பின்னால் நிற்கும் மகனைக் கையைப் பிடித்து இழுப்பார். "அங்கிளுக்கு வணக்கம் சொல்லுடா! என்னடா கூச்சம்?" பையன் முகம் கறுத்துப்போகும்.

இத்தனைக்கும் அசராத ஒரே ஆள் ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொட்டியை எட்டிப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, நம்ம ஜிலேபி மீன் சாடையால்ல இருக்கு?" என்றார். அறிவியல்படி அந்த அம்மாள் சொன்னதில் தப்பே இல்லை. ஆப்பிரிக்காவில் பிறந்து, 1952-இல் இந்தியாவுக்கு வந்து, நம் ஏரி குளமெல்லாம் பட்டா போட்டுக்கொண்ட ஜிலேபியும் சிக்லிட்தான். டிஸ்கஸுக்குப் பங்காளி முறை. கூச்சம் மட்டும் அந்தக் கிளையில் கிடையாது.

இவர் பதில் சொல்லாமல், தொட்டியை மறைத்துக்கொண்டு போய் நின்றார். மாமியார் விடவில்லை.

"முள்ளு நெறைய இருக்குமோ?"