உள்ளூர் ஆட்டக்காரர்களின் கோப்பை

கேள்வி: ஐரோப்பாவில் ஆடும் நட்சத்திரங்கள் ஒருவர்கூட இல்லாமல் ஆப்பிரிக்காவில் ஒரு கால்பந்துப் போட்டி நடக்கிறதாமே, அதை யார் பார்ப்பார்கள்?
– வாசகர், இருக்கன்குடி

பதில்: ஆடி கடைசி வெள்ளிக்கு வெளியூர்க் கூட்டம் திரளும், மற்ற நாளெல்லாம் மாரியம்மனுக்கு விளக்கேற்றுவது உங்கள் ஊர்க்காரர்கள்தானே? அப்படிப்பட்டவர்களுக்கான கோப்பை ‘சான்’.

2009-இல் ஐவரி கோஸ்டில் தொடங்கியது. சொந்த நாட்டு லீகில் ஆடுபவருக்கு மட்டுமே அணியில் இடம். செனகல்காரர் ஆப்பிரிக்காவிலேயே எகிப்து லீகில் ஆடினாலும் சேர்க்க மாட்டார்கள்!

2025 ஆகஸ்டில் கென்யா, தான்சானியா, உகாண்டா மூன்றும் சேர்ந்து நடத்தின. நைரோபி இறுதி ஆட்டத்தில் மொராக்கோவும் மடகாஸ்கரும் 2-2 என மல்லுக்கட்டின. மொராக்கோவின் உசாமா லம்லியுய் வெகு தூரத்திலிருந்து உதைத்த பந்து வலைக்குள் போய் விழுந்தது. 3-2, மொராக்கோவுக்கு மூன்றாவது கோப்பை. இந்த கோலைப் பாருங்கள், ‘யார் பார்ப்பார்கள்’ என்று பிறகு கேட்க மாட்டீர்கள்.

ஐரோப்பாவுக்கும் இது ஒரு வாசல்தான்: செனகலின் லமின் கமரா 2023-இல் இந்தக் கோப்பையை வென்ற கையோடு பிரான்ஸின் மெட்ஸ் கிளப்புக்குப் போனார், பிறகு மொனாக்கோ.

நமக்கும் 1941 முதல் மாநிலங்கள் மோதும் சந்தோஷ் கோப்பை இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்து மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் 2019-இல் இந்திய மகளிர் லீக்கையே வென்றார்கள். திறமைக்குப் பஞ்சமில்லை, நாம் மைதானத்துக்குப் போய்க் கைதட்ட வேண்டும், அவ்வளவுதான்.